ரெஜ் வீட்டுப் பக்கத்து ஒழுங்கை

போன மாதம் ஹோம்புஷில் ஒரு தோசைக் கடைக்குக் கூப்பிட்டு எனக்குச் சாப்பாடு போட்டீர்கள். நகரசபைகளில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் இத்தனை பேர் ஒரே மேசையில் இருந்ததைப் பார்க்க மனம் நிறைந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் எங்கள் கவுன்சில் கட்டடம் முழுவதற்கும் நான் ஒருவன்தான் தமிழன். பேசாமல் வேலை செய்கிறவன் என்று எனக்கு அங்கே நல்ல பெயர். பேச ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது நித்யா என்னை மறித்தாள். சென்னையில் படித்துவிட்டு வந்து இப்போது ஒரு கவுன்சிலின் திட்டமிடல் பிரிவில் இருக்கிற பிள்ளை.

“அங்கிள், ரெண்டு தெருவுக்கு நடுவுல ஒரு சந்து. அதை மூடி வித்துடலாம்னு ஒரு ஃபைல் என் மேசைக்கு வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க புகார் மேல புகார். எனக்கும் மூடிட்டா நல்லதுன்னுதான் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?”

“பிறகு சொல்லுறன் பிள்ளை” என்று நழுவிவிட்டேன். ஈரக் கையோடு நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் அல்ல அது. இப்போது எழுதுகிறேன். நித்யாவுக்குத்தான் என்றாலும் நீங்கள் எல்லாரும் வாசியுங்கள், ஏனென்றால் இந்த ஃபைல் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் ஒவ்வொருவர் மேசைக்கும் வரும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நானும் என் மனைவி தவமணியும் அப்போது டூங்கபி என்கிற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இன்றைக்கு அங்கே தடுக்கி விழுந்தால் தமிழர் வீடு. அன்றைக்கு எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எங்கள் தெரு ஒரு முட்டுத் தெரு. வீடு, புல், தபால் பெட்டி, அடுத்த வீடு, புல், தபால் பெட்டி, அவ்வளவுதான். நடைபாதை கிடையாது. காலையில் ஆண்கள் காரில் போய்விடுவார்கள், பிறகு பின்னேரம் வரைக்கும் தெருவில் ஒரு காகம்கூட நடக்காது. தவமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள், பகல் முழுவதும் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் வேலையால் வந்ததும் ஒரே பாட்டுத்தான்.

“என்னைக் கொண்டுபோய் ஊரிலை விடுங்கோ. இஞ்சை இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுடைய பெட்டி பாதி அடுக்கியபடியே கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதை ஏன் முழுதாக அவிழ்க்கவில்லை என்று கேட்கிற துணிவு எனக்கு வரவில்லை.

அந்தப் பெட்டியை அவிழ்க்க வைத்தது ஒரு ஒழுங்கை. இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகள் சந்து என்பீர்கள். எங்கள் முட்டுத் தெருவின் கடைசியில், இரண்டு வீடுகளின் பலகை வேலிகளுக்கு நடுவே, கடைகளும் ரயில் ஸ்டேஷனும் இருக்கிற அடுத்த தெருவுக்குப் போகிற ஒடுக்கமான வழி. இரண்டு பேர் எதிர் எதிராக வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் ஒரு சொல்லாவது சொல்லாமல் போக முடியாது. அப்படி ஒதுங்கி நின்றபோது தவமணிக்கு அறிமுகமானவள்தான் கார்மென். மால்டாவிலிருந்து வந்தவள். ஒழுங்கையின் மறுமுனையில் வீடு. கையில் எப்போதும் முட்டைக் கூடை வைத்திருப்பாள், கோழி வளர்த்தாள்.

கார்மெனின் ஆங்கிலமும் தவமணியின் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. போதாத இடத்தில் அவள் மால்டிஸில் சொல்லுவாள், இவள் தமிழில் சொல்லுவாள், இரண்டு பேருக்கும் விளங்கும். எனக்குத்தான் விளங்காது. ஒருநாள் வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பினேன். எங்கள் பக்க முனையில் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம். யாருடைய சிரிப்பு என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. தவமணி இந்த நாட்டுக்கு வந்த பிறகு சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கிழமையே கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டி வெறுமையாகி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

அதன் பிறகு சில மாதங்களில் அந்த ஒழுங்கையை மூட வேண்டும் என்று கவுன்சிலுக்கு ஒரு கோரிக்கை வந்தது. ஒரு பக்க வீட்டுக்காரருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும். மறுபக்க வீட்டுக்காரர் ரெஜ், சத்தமும் குப்பையும் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். என் மேலதிகாரி விடுமுறையில் இருந்தார். வழக்கம்போல அந்த வட்டாரத்து வேலை என்னிடம் வந்தது, நானும் வழக்கம்போல நேரில் பார்க்கப் போனேன். அது எங்கள் ஒழுங்கைதான் என்று ஃபைலைத் திறந்தபோதே தெரியும், திருப்பிக் கொடுக்க மேலதிகாரி இல்லை. ரெஜ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ரெஜ் மனைவியை இழந்த மனிதர். நீங்கள் பிரெட் என்கிற பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்துப் பின்னேரம் எழும்புகிறவர். என்னைத் தன் படுக்கை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் இருக்கச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வேலி. அந்த நேரம் பார்த்து யாரோ ஒழுங்கையால் போனார்கள். ஒவ்வொரு அடியும் தலைமாட்டில் கேட்டது. போனவர் மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

“குப்பை எண்டு சும்மா எழுதினனான். குப்பை ஒரு பிரச்சினை இல்லை. எனக்கு நித்திரை இல்லை, அதுதான் விசயம். ரெண்டு பொம்பிளையள் வந்து நிண்டு கதைப்பினம். ஒராள் உம்மடை மனிசி எண்டு தெரியும். நல்ல ஆக்கள். ஆனா அவை சிரிச்சால் நான் எழும்பிடுவன். பிறகு என்ரை மனிசியின்ரை ஞாபகம் வரும். படுக்க ஏலாது.”

“அவையிட்டை ஒருக்காச் சொல்லிப் பாத்தனீங்களோ?” என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “கட்டில்லை படுத்துக்கொண்டு நீங்கள் கதைக்கிறதைக் கேக்கிறன் எண்டு ரெண்டு பொம்பிளையளிட்டை எப்பிடிச் சொல்லுறது? என்னைப் பற்றி என்ன நினைப்பினம்? நீரும் சொல்லாதையும். உம்மடை மனிசியிட்டையும் சொல்லாதையும்.”

சொல்ல மாட்டேன் என்று கையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேலதிகாரி திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவரிடம் போய், அது என் ஒழுங்கை, என் மனைவி அதில்தான் நடக்கிறாள் என்று சொன்னேன். அவர் கொழுத்த தேகமும் குறைந்த பேச்சும் உள்ள மனிதர். ஃபைலைக் கை நீட்டி வாங்கித் தன் மேசையில் வைத்தார். “உன் வீட்டு வாசலைத் தொடுகிற ஃபைல் உன் மேசையைத் தொடக்கூடாது. வெளியேயும் அதைப் பற்றிப் பேசாதே” என்றார். இளம் அதிகாரி ஒருவனிடம் அதைக் கொடுத்தார். அவனும் நேர்மையான பையன். இதில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் உங்களுடைய வேலையில் இதைத்தான் செய்ய வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே.

ஒழுங்கை வாசலில் கவுன்சில் அறிவித்தல் ஒட்டிய அன்று தவமணி அதைக் கார்மெனோடு சேர்ந்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வந்தாள். சத்தம், குப்பை என்று அதில் இருந்தது.

“உங்கட கந்தோரிலைதானே இது முடிவாகும்? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?”

“அது என்ரை மேசையிலை இல்லை. நான் வாய் திறக்கேலாது.”

“ஊருக்கெல்லாம் ரோட்டுப் போடுறியள். எனக்கு ஒரு ஒழுங்கை இல்லையோ?”

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். தவமணி சேலையை இழுத்துச் செருகினால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்து ஆட்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் வழியும் வாய்க்காலும் கிணற்றுப் பங்கும் எழுதி வைத்து, அதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற சனம் நாங்கள். தவமணியின் தகப்பனார் ஒரு ஒழுங்கை வழக்கை வென்றவர். எப்படி வென்றார் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். வழக்கு நடந்த காலம் முழுவதும் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒழுங்கையால் நடந்துகொண்டே இருந்தாராம். நீதவான் வந்து பார்த்தபோது அதில் ஒரு புல் முளைத்திருக்கவில்லை. ‘இது பாவிக்கிற வழி, புழக்கத்தில் இருக்கிற வழி’ என்று தீர்த்துவிட்டாராம்.

“புல் முளைக்க விடக்கூடாது. அவ்வளவுதான்” என்றாள் தவமணி.

மறுநாள் விடியவே எழும்பி முற்றம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனாள். குப்பை என்றுதானே புகார்? ஒழுங்கையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூட்டினாள். அந்த முனையிலிருந்து கார்மென் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் நடுவில் சந்தித்தார்கள். அந்த நடு எதுவென்று நினைக்கிறீர்கள்? ரெஜ்ஜின் ஜன்னல். அவர் ஷிப்ட் முடித்து வந்து கண்ணை மூடுகிற நேரம்.

கூட்டியதோடு விட்டாளா? காலையில் கடைக்கு ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். பாண் வாங்க ஒரு நடை, பால் வாங்க இன்னொரு நடை. கார்மென் தன் தெருப் பெண்களையும் பிள்ளைத் தள்ளுவண்டிகளோடு கூட்டிவந்தாள். வெறுமையாகக் கிடந்த வழியில் திருவிழாக் கூட்டம். பாவிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று உரத்துக் கதைத்தார்கள், இல்லாத பகிடிக்கெல்லாம் சிரித்தார்கள். இரவு சாப்பாட்டுக்கு இருந்தால் தவமணி அன்றைய கதை முழுவதையும் சொல்லுவாள். கண் இரண்டும் மின்னும். அவளை நான் அவ்வளவு உயிர்ப்போடு பார்த்தது கலியாணமான புதிதில் மட்டும்தான். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு மனிதன் கட்டிலில் எழும்பி இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவேன்.

ஒரு காலை என்னால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போகிற உடுப்போடு ஒழுங்கை வாசலுக்குப் போனேன்.

“தவம், இண்டைக்கு விடுமன். பிறகு கூட்டலாம்.”

“ஏன்?”

ஏன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு பக்கம் மேலதிகாரியின் சொல். மறுபக்கம் ரெஜ்ஜுக்குக் கொடுத்த கை. எதிரே தும்புத்தடியோடு என் மனைவி.

“பனி கொட்டுது. குளிரும்.”

“எனக்குக் குளிரேல்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கூட்டத் தொடங்கினாள். நான் ரயிலைப் பிடிக்கப் போனேன்.

கவுன்சிலின் குழு அந்த விஷயத்தை எடுத்த மாலை, பொதுமக்கள் பேசலாம் என்றார்கள். நான் கடைசி வரிசையில் ஊமையாக இருந்தேன். தவமணி காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு கார்மெனோடு முன்வரிசையில். ரெஜ் ஓரத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இளம் அதிகாரி தான் நேரில் பார்த்ததைச் சொன்னான். ஒழுங்கையில் இப்போது நடமாட்டம் மிக அதிகம், பக்கத்து வீடுகளுக்கு இடைஞ்சல் உண்மையானது என்றான். பொய் ஒன்றும் இல்லை.

தவமணி எழும்பினாள். எவ்வளவு பாவிக்கிறீர்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். காலையும் மத்தியானமும் பின்னேரமும் என்று பெருமையாகச் சொன்னாள், முந்தியைவிட இப்போது கூட என்றும் சேர்த்துச் சொன்னாள். எனக்குத் தலையைக் குனிவதைத் தவிர வேறு வழி இல்லை.

பெருந்தெருவால் சுற்றிப் போனால் கொஞ்ச நேரம்தானே கூட, அதில் என்ன கஷ்டம் என்று அவர் கேட்டார்.

தவமணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். “நேரம் இல்லை ஐயா பிரச்சினை. நேரம் என்னட்டை நிறைய இருக்கு. அந்தப் பக்கத்தாலை போனால் வழியிலை ஒருத்தரும் இல்லை.”

எத்தனையோ நகரத் திட்டமிடல் கூட்டங்களில் பிறகு நான் இருந்திருக்கிறேன். எங்கள் தொழிலைப் பற்றி அதைவிட நல்ல பேச்சை நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, மூடுவதென்று தீர்மானித்தார்கள்.

பலகை வேலி அடித்தார்கள். கார்மென் பெருந்தெருவால் சுற்றி ஒன்றிரண்டு தடவை வந்தாள். லொறி போகிற தெரு, நடைபாதை இல்லை, அவளுக்குக் காலில் வேறு நோவு. பிறகு வரத்து நின்றது. சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. போக வர வழி இல்லாததால் ஒரு சிநேகிதம் முடிந்துபோனது. தவமணி ஊருக்குப் போக வேண்டும் என்று பிறகு கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜ் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை நிறையத் தன் வேலியில் காய்த்த சௌசௌக்காய். முகம் தெளிந்திருந்தது, நித்திரை கொள்கிற மனிதனின் முகம். உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றே தவமணியிடம் சொன்னார்.

“உம்மடை புருசன் ஒரு கனவான். என்ரை கட்டில்லை இருந்து ஒழுங்கையாலை போறவையின்ரை சத்தத்தை அவரும் கேட்டவர். நான் பகலிலை படுக்கிற ஆள், நித்திரை இல்லாமல் செத்துக்கொண்டு இருந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குக்கூடச் சொல்லேல்லை.”

அவர் போன பிறகு தவமணி கதவைச் சாத்தினாள். பையைக் குசினிக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்பவிருந்து?”

“முதல்லையிருந்து.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த மனிசன் உள்ளுக்கை படுத்திருக்குதெண்டு தெரிஞ்சிருந்தால், செருப்பைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நடந்திருப்பமே அப்பா. நானும் கார்மெனும். அந்த இடம் தாண்டுமட்டும் வாயைத் திறந்திருப்பமோ?”

சௌசௌவைக் கறி வைத்தாள். பின்னேரம் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி மூடி, ரெஜ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். வெறுங்காலோடு போனதை நான் ஜன்னலால் பார்த்தேன்.

நித்யா, என் மேலதிகாரி சொன்னது சரி, நான் செய்ததும் சரி, அந்த இளம் அதிகாரி எழுதியதும் சரி. எல்லாரும் சரியாக நடந்து ஒரு ஒழுங்கை போனது. இப்போது யோசித்தால் எனக்கு ஒன்றுதான் படுகிறது. அன்றைக்கு ரெஜ்ஜின் கட்டிலில் இருந்தபோது, ‘இதை நான் அந்தப் பெண்களிடம் சொல்லட்டுமா? அவர்கள் சிரிக்க மாட்டார்கள்’ என்று இன்னும் ஒருதரம் கேட்டிருக்கலாம். அல்லது மேலதிகாரியிடம் ஃபைலைக் கொடுத்தபோது, மூடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரு மேசையில் இருத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். உன் மேசையில் இருக்கிற ஃபைல் உன் வீட்டு வாசலைத் தொடவில்லை, ஆகவே உனக்குத் தடையில்லை. முதலில் புகார் எழுதியவர்களின் வீட்டுக்குள் போய் இருந்து பார். எழுதாமல் விட்டது என்ன என்று கேள். பிறகு சந்தில் நடக்கிறவர்களிடம் போய்ப் பேசு. அதன் பிறகு மூடுவதா வேண்டாமா என்று நீயே எழுது. என்னிடம் கேட்காதே.

ரெஜ் எப்போதோ போய்விட்டார். தவமணி போய் இது நான்காவது குளிர்காலம். ஒழுங்கை இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் கார் நிற்கிறது. நான் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறேன், அந்த வாடகை வீட்டைப் பிறகு வாங்கிவிட்டோம். பின்னேரங்களில் ஸ்டேஷன் பக்கம் போய்வரும்போது கால் தானாக அந்தப் பழைய வாசலுக்குத் திரும்பும். வேலிப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். மறுபக்கத்தில் அவள் சிரிப்பது இன்னும் ஒருதரம் கேட்டால் போதும். யார் நித்திரை குழம்பினாலும் பரவாயில்லை.